கிளிக்குக் காய்கறி: அன்றன்றைக்கு நறுக்குவதா, ஃப்ரீசரில் வைத்து எடுப்பதா?

தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே தின்னும் கிளிக்கு நாளடைவில் வைட்டமின் ஏ பற்றாக்குறை வருவது வழக்கம் என்பதால், காக்கட்டீல், கோனூர் போன்ற அயல்நாட்டுக் கிளிகளை வளர்ப்போர் அவற்றின் கிண்ணத்தில் காயும் கீரையும் சேர்த்தே ஆக வேண்டும். (நம் ஊர்ப் பச்சைக்கிளியை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்கவே கூடாது, எனவே அது இந்த அலசலில் இல்லை.) அந்தக் காயைத் தினமும் நறுக்கித் தருவது நல்லதா, மொத்தமாக நறுக்கி ஃப்ரீசரில் வைத்துக்கொள்வது நல்லதா என்பதுதான் சேலத்தின் வெயிலில் யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

தினமும் நறுக்குவதில் சத்து இழப்பு குறைவு, மொறுமொறுப்பும் கெடாது. காலால் பிடித்துக் கடித்துக் கிழிப்பது கிளிக்கு உணவோடு சேர்ந்த வேலை என்பதால் மொறுமொறுப்பைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு சிறிய கிளி ஒரு நாளைக்குத் தின்பது சில கரண்டிதான். அதற்காக ஐந்தாறு காய்களை உழவர் சந்தையிலிருந்து வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி, மிச்சத்தை வாட விடுவது எந்த வீட்டிலும் நீடிப்பதில்லை. கடைசியில் தினமும் கேரட் மட்டும் என்ற நிலைக்கு வந்துவிடும். இந்த முறையின் உண்மையான குறை உழைப்பு அன்று, வகை குறைந்துபோவதே.

நறுக்கியதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது இரண்டு, மூன்று நாள்களுக்கு மட்டுமே சரிப்படும்.

ஃப்ரீசர் முறையில் காய்க்குக் காய் விளைவு மாறும். உறையும்போது காயிலுள்ள நீர் பனித்துகளாகி செல் சுவர்களைக் கிழிப்பதால், நீர் மிகுந்த வெள்ளரியும் தர்பூசணியும் உருகியதும் குழைந்து நீர்விட்டுப் போகின்றன. பரங்கி, கேரட், சர்க்கரைவள்ளி, பீன்ஸ், பட்டாணி ஆகியவை தாங்கும். வைட்டமின் ஏ-வுக்கு ஆதாரமான பீட்டா கரோட்டின் உறைதலில் பெரிதாக அழிவதில்லை. உறையவைக்கும் முன் வெந்நீரில் போட்டெடுக்கும்போது கரைந்து போவது முக்கியமாக வைட்டமின் சி. அதையோ பெரும்பாலான கிளி இனங்கள் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்கின்றன. ஆகவே சத்து போய்விடும் என்ற அச்சம், கிளியைப் பொறுத்தவரை, பாதியளவுக்குத் தேவையற்றது.

பச்சையாகவே உறையவைத்தால் காயிலுள்ள நொதிகள் மெல்ல வேலை செய்து நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆற வைத்து, பழைய வேட்டித் துணியில் ஈரம் போக உலர்த்துவது மேல். தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, துண்டுகள் கலகலவென்று உதிரும்போது பையில் கட்டினால் வேண்டிய அளவை மட்டும் எடுக்கலாம். உப்பு கூடாது. எவர்சில்வர் பாத்திரமே உகந்தது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுமீறிச் சூடானால் எழும் புகை கிளியைக் கொன்றுவிடும். ராஜ்மாவை நன்றாக வேகவைத்த பிறகே உறையவைக்க வேண்டும். முளைகட்டிய பாசிப்பயறு ஃப்ரீசருக்கு ஆகாது.

ஃப்ரீசரின் பலவீனம் கிண்ணத்தில்தான் தெரியும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் சேலத்தில், உருகிய ஈரக் கலவையை ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது. பச்சைக் கேரட் துண்டோ காலை முழுவதும் கிடக்கும். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் குளிர்ச்சியால் இன்னும் சற்று நேரம் தாங்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்து காய் வாங்கிப் போவோருக்கு ஃப்ரீசரே பெரிய துணை. ஆனால் அந்த மலையில் எளிதாகக் கிடைக்கும் பட்டர் ஃப்ரூட்டைப் பச்சையாகவோ உறையவைத்தோ எந்தக் கிளிக்கும் தரவே கூடாது. அதிலுள்ள பெர்சின் என்னும் நச்சு பறவையின் இதயத்தைத் தாக்கும். காப்பியும் அப்படியே விலக்க வேண்டியது.

என் தேர்வு இரண்டையும் பிரித்துக்கொள்வது. பரங்கி, சர்க்கரைவள்ளி, பீன்ஸ், வெந்த பயறு ஆகியவை ஃப்ரீசரிலிருந்து வரட்டும்; கீரையும் முளைப்பயறும் அன்றன்றைக்கே வரட்டும். சுண்ணாம்புச்சத்து மிகுந்த முருங்கைக் கீரையை நன்றாகக் கழுவி, உருவாமல் கொத்தாகவே கூண்டில் கட்டித் தொங்கவிட்டால், கிளி ஒவ்வோர் இலையாகக் காம்போடு கிள்ளி, அலகில் உருட்டி, பாதியைக் கீழே போட்டுக்கொண்டே தின்னும்.

உறைந்த பங்கை முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் நீரை வடித்து, குளிர்ச்சி போன பிறகு கொடுக்க வேண்டும். மறுபடி உறையவைக்கக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரம் நிற்கும் நாள்களை எண்ணி, ஒரு கிண்ணம் நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை ஃப்ரீசரில் எப்போதும் வைத்திருப்பது நல்லது. நாணயம் பனிக்குள் இறங்கியிருந்தால் உள்ளே இருந்த கலவையும் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அதைக் கிளிக்குக் கொடுக்காமல் கொட்டிவிட வேண்டும்.