இலவச ஃபிட்டிங்குக்கு நான் கொடுத்த விலை

காரில் டேஷ்கேம், அதாவது ரோட்டைப் பதிவு செய்யும் கேமரா, மாட்டப் போகிறீர்களா? கேமரா எந்த மாடல் என்று பத்து நாள் தேடியிருப்பீர்கள். நானும் தேடினேன். மாட்டுகிறவர் வயரை எங்கே கொண்டுபோய் சொருகுகிறார் என்று மட்டும் பார்க்கவில்லை. அதற்காக அழுத பணமும், ஒரு விடியற்காலை பட்ட அவமானமும்தான் இந்தப் பதிவு.

ஊர் ஈரோடு. கார் மூன்று வருடப் பழைய ஹேட்ச்பேக். பெருந்துறை ரோட்டில் பைக்கில் ஒருவர் பின்னால் வந்து இடித்துவிட்டு என்மேலேயே பாய்ந்த நாளிலிருந்து, கேமரா இல்லாமல் வண்டி எடுக்கக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. ஆக்சசரி கடைக்குப் போனேன். கேமரா 5,200, மெமரி கார்டு 900, ஹார்ட்வயர் கிட் 1,450. "ஃபிட்டிங் ஃப்ரீங்ண்ணா" என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்கு, நோட்டிலிருந்து கிழித்த தாளில் மேலே 'எஸ்டிமேட்' என்று எழுதிக் கொடுத்தார். நானும் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன், ஏதோ பத்திரம் மாதிரி.

வண்டி நிறுத்தியிருக்கும்போதும் பதிவாக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் அந்தக் கிட். அதில் மூன்று வயர் வரும். மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்கும் லைனுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனுக்கு, கறுப்பு எர்த்துக்கு. நடுவில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். பேட்டரி வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் கேமராவை அதுவே அணைத்துவிடும். கிட்டுக்குக் காசு கொடுப்பதே அந்தப் பெட்டிக்குத்தான்.

இருபது வயதுப் பையன் ஒருவன் இருபத்தைந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டான். நான் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரவு வீட்டு வாசலில் கேமராவில் சின்ன விளக்கு எரிந்தது. ஆஹா, பார்க்கிங் மோட் வேலை செய்கிறது என்று மனைவியைக் கூப்பிட்டு வேறு காட்டினேன்.

நான் ஆபீசுக்கு பைக்கில் போகிறவன். புதன்கிழமை இரவு நிறுத்திய காரை ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு, பழனி போக, குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று சத்தம் மட்டும். செல்ஃப் எடுக்கவில்லை. மடியில் தேங்காய்ப் பழப் பையோடு அம்மா பின்சீட்டில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பி ஜம்ப் கேபிள் போட்டுக் கிளம்பும்போது ஆறாகிவிட்டது.

கடைக்குப் போனேன். மீட்டரை வைத்து, "11.4 காட்டுது பாருங்ண்ணா, பேட்டரி வீக். மூணு வருசம் ஆச்சுல்லங்க" என்றார். மூன்று நான்கு வருடத்தில் பேட்டரி போவது சகஜம்தானே என்று நானும் நம்பினேன். சார்ஜ் இறங்கிய பேட்டரி எதுவாக இருந்தாலும் அப்படித்தான் காட்டும் என்பது அப்போது தெரியாது. முழுதாக சார்ஜ் ஏற்றி, லோட் டெஸ்ட் (சுமை கொடுத்து வோல்ட் தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்து பார்த்தால்தான் அது செத்ததா பட்டினியா என்று தெரியும். அதெல்லாம் செய்யாமல் புது 35 ஆம்பியர்-மணி பேட்டரி, பழையதைக் கழித்து 3,800 ரூபாய். பழையது அவரிடமே போய்விட்டது.

பத்தே நாளில் புது பேட்டரியும் படுத்தது. "நீங்க வண்டியே எடுக்கறதில்லீங்ண்ணா, அதான்" என்றார் இந்த முறை. அப்போதுதான் உறைத்தது. கேமரா மாட்டுவதற்கு முன்பும் நான் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சூரம்பட்டிப் பக்கம் லேத் பட்டறைக்குப் பின்னால் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. "வண்டி தூங்கறப்ப எவ்வளவு குடிக்குதுன்னு பாப்போம் தம்பி" என்று நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அதற்கும் கேபிளுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டார். கதவுகளைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார், வண்டியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்க வேண்டுமாம். (வீட்டில் முயல்கிறவர்கள், மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள். மீட்டர் போய்விடும்.) முள் இல்லாத மீட்டரில் 0.34 என்று நின்றது. கேமரா வயரைப் பிடுங்கினார். 0.02.

0.34 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு எட்டு ஆம்பியர்-மணி. 35 இருக்கிற பேட்டரியில் மூன்று நாளில் இருபத்து நாலு காலி. மிச்சத்தை வைத்துக்கொண்டு செல்ஃப் மோட்டார் எங்கே சுற்றும்?

பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே கவரைக் கழற்றினார். டார்ச் அடித்துக் காட்டியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கறுப்பு டேப்பில் சுற்றிய ஒரு உருண்டை, கொழுக்கட்டை அளவு, தொங்கிக்கொண்டிருந்தது. டேப்பைப் பிரித்தால், சிகரெட் லைட்டரில் சொருகுவோமே அந்த கார் சார்ஜர். பிளாஸ்டிக் கூட்டை உடைத்து, உள்ளே இருந்த சர்க்யூட் போர்டை மட்டும் எடுத்து நேராக வயரில் முறுக்கியிருந்தார்கள். 1,450 ரூபாய் கிட் என் வண்டிக்குள் வரவே இல்லை. சாவி போட்டாலும் எடுத்தாலும் கேமரா முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கார்டைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு காம்பவுண்டு சுவர், மணிக்கணக்கில்.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும் தடித்த மெயின் வயரின் தோலை பிளேடால் சீவி, அதில் கேமராவின் மெல்லிய வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். தனி ஃப்யூஸ் கிடையாது. அந்த மெயின் லைனுக்கு இருப்பது 40 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. முடி மாதிரி வயர் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால், 40 ஆம்பியர் ஃப்யூஸ் போவதற்குள் வயர் சிவந்து எரிந்துவிடும். ஸ்டீயரிங்கை ஏற்றி இறக்கும் இரும்புப் பட்டையில் உரசி, டேப் ஒரு இடத்தில் ஏற்கெனவே தேய்ந்து செம்பு பளபளத்தது. பெரியவர் அதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, "கோயிலுக்குப் போனது வீண் போகல" என்றார்.

அவர் செய்தது இதுதான். சீவிய இடத்தில் சால்டர் வைத்து ஹீட் ஸ்லீவ் போட்டு மூடினார். நான் புதிதாக வாங்கிக் கொடுத்த நிஜக் கிட்டின் மஞ்சளையும் சிவப்பையும் ஃப்யூஸ் பாக்ஸிலிருந்தே, ஃப்யூஸ் டேப் (fuse tap) என்கிற சின்ன சொருகியால் எடுத்தார். ஆளுக்கு ஒரு 5 ஆம்பியர் ஃப்யூஸ். வண்டி வயரில் ஒரு வெட்டு இல்லை. ஏர்பேக், ஏபிஎஸ் ஃப்யூஸ் பக்கம் கையே வைக்கவில்லை. கறுப்பு வயர் பாடி போல்ட்டில். கட்-ஆஃப் 12.2 வோல்ட்டில் வைத்தார், அதாவது பேட்டரி பாதி இருக்கும்போதே கேமரா அணைந்துவிடும். கூலி 350 ரூபாய்.

சார்ஜர் போர்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "பையன் தெரியாம பண்ணிட்டானுங்ண்ணா" என்று ஆரம்பித்து, "ஃப்ரீ ஃபிட்டிங்குக்கு வந்து இப்படிக் கேட்டா எப்படிங்ண்ணா" என்று முடித்தார். ஒரு மணி நேரம் நின்ற பிறகு 1,450 திரும்ப வந்தது. பேட்டரிக் காசு வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்தான், ஆனால் என் கையில் இருப்பது கடைப் பெயர்கூட இல்லாத எஸ்டிமேட் தாள். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும், அது முழுக்க என் தப்பு.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் இன்று இரவு ஒன்று செய்யுங்கள். காரைப் பூட்டி அரை மணி கழித்து, டார்ச்சோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். பார்க்கிங் மோட் கேட்காதவர்கள் கேமராவில் விளக்கு எரிந்தால், கேட்டவர்கள் கிட்டின் பெட்டி எங்கே இருக்கிறது என்று காட்ட முடியாவிட்டால், ஸ்டீயரிங் கவரைக் கழற்றச் சொல்லுங்கள், வேறு ஒரு எலக்ட்ரீஷியனிடம்.