அல்சைமர் நோயும் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியாவும்: ஓர் ஒப்பீடு

மறதிநோய் என்ற பொதுப்பெயருக்குள் அடங்கினாலும், அல்சைமர் நோயும் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியாவும் மூளையில் தொடங்கும் இடத்தால் வேறுபடுகின்றன. 1906-ஆம் ஆண்டு ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த அல்சைமர் நோய், பெரும்பாலும் 65 வயதுக்கு மேல், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸையும் அதையொட்டிய பகுதிகளையும் முதலில் தாக்குகிறது. அமிலாய்டு என்ற புரதத்தின் படிவுகளும் டௌ என்ற புரதத்தின் சிக்குண்ட இழைகளும் சேர நரம்பணுக்கள் மடிகின்றன. ஆகவே, காலையில் சாப்பிட்டதை மறந்து மீண்டும் சாப்பாடு கேட்பவர், 50 ஆண்டுகளுக்கு முன் நடந்த தம் திருமணத்தை விவரமாகச் சொல்வார்; தொடக்கக் கட்டத்தில், வந்தவரை வரவேற்று உபசரிப்பதிலும் குறை இருக்காது.

ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியாவில், நடத்தையை முதலில் பாதிக்கும் வகை இதற்கு நேர்மாறானது. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும் இதில், தன்னடக்கத்துக்கும் பிறர் உணர்வை அறிவதற்கும் துணைநிற்கும் மூளையின் முன்பகுதியான நெற்றிமடலும் பக்கவாட்டுப் பகுதியான பொட்டுமடலும் சுருங்குவதால், நேற்று நடந்ததைச் சரியாகச் சொல்பவரே துக்க வீட்டில் உரக்கச் சிரிப்பார், பந்தியில் பக்கத்து இலையிலிருந்து இனிப்பை எடுத்து உண்பார், மனைவி காய்ச்சலில் கிடந்தாலும் ஏனென்று கேட்கமாட்டார். நினைவு கெடாததால் வீட்டார் இதைத் திமிர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மனநோய் என்று கருதப்பட்டுச் சிகிச்சை தடம்மாறுவதும் உண்டு. குடும்பத்துக்கு அதிக வலி தருவது இதுவே என்பது என் கருத்து.

மருந்திலும் வேறுபாடு உண்டு. அல்சைமரில் ஓரளவு பலன் தரும் டோனெபெசில், மற்றதில் உதவுவதில்லை. சிலருக்கு அமைதியின்மையைக் கூட்டியும் விடுகிறது. ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியாவில், மனச்சோர்வுக்குத் தரப்படும் செரடோனின் சார்ந்த மருந்துகள் நடத்தையைச் சற்றுக் கட்டுப்படுத்தலாம். நோயின் போக்கை அவை மாற்றுவதில்லை.