மைனஸா, பிளஸ்ஸா? எழுதும் டிவிடியின் இரண்டு தரங்கள்

டிவிடி ரைட்டரின் முகப்பைக் கவனித்துப் பார்த்தால் இரண்டு முத்திரைகள் அருகருகே இருக்கும். ஒன்று, டிவிடி-ஆர் (மைனஸ்) தரத்தின் பக்கம் நின்ற டிவிடி ஃபோரம் என்ற கூட்டமைப்பின் முத்திரை. மற்றொன்று ‘ஆர்டபிள்யூ’ என்பதைப் பெரிய எழுத்தில் காட்டும், டிவிடி+ஆர் (பிளஸ்) தரத்தைக் கொண்டுவந்த எதிரணியின் முத்திரை. இப்போது ஒரே தகரத்தில் சமாதானமாக இருக்கும் இவை, 2001, 2002 வாக்கில் ஒன்றையொன்று சந்தையை விட்டே துரத்தப் பார்த்தவை. கடையில் வெற்று டிவிடி கேட்டால் “மைனஸா, பிளஸ்ஸா?” என்று எதிர்க்கேள்வி வந்ததும், “ஏதாவது ஒன்று கொடுங்கள்” என்று நாம் பதில் சொன்னதும் அந்தச் சண்டையின் மிச்சம்தான்.

ஏதாவது ஒன்று போதுமா? பெரும்பாலும் போதும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எங்கே வேறுபடுகின்றன என்பதைச் சரியாகச் சொல்பவர்கள் குறைவு. வேகம், ஆயுள், தரம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். உண்மையில் வேறுபாடு ஒரே இடத்தில் இருந்து கிளம்புகிறது: எதுவுமே எழுதப்படாத தகட்டில், தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை லேசர் எப்படித் தெரிந்துகொள்கிறது?

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைனஸ் ஆர் மூத்தது. பயனியர் நிறுவனம் 1997இல் கொண்டுவந்தது. அப்போது கொள்ளளவு 3.95 ஜிபி, டிரைவின் விலை சுமார் 17 ஆயிரம் டாலர். ஸ்டுடியோக்காரர்களைத் தவிர வேறு யாரும் அதன் பக்கம் போகவில்லை. பிறகு கொள்ளளவு 4.7 ஜிபி ஆனது. தொழில்முறைக்கு 635 நானோமீட்டர் லேசரில் எழுதும் தகடு, பொதுமக்களுக்கு 650 நானோமீட்டரில் எழுதும் தகடு என்று இரண்டாகவும் பிரிந்தது. 2001 ஜனவரியில் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி4 கணினியில் ‘சூப்பர்டிரைவ்’ என்று பெயரிட்டு வைத்தது பயனியரின் டிரைவைத்தான். மேசைக் கணினியில் டிவிடி எழுதலாம் என்று சாதாரண மக்கள் அறிந்தது அதற்குப் பிறகே.

பிளஸ் அணியில் பிலிப்ஸ், சோனி, எச்பி, ரிக்கோ, யமஹா, மிட்சுபிஷி கெமிக்கல் ஆகியவை இருந்தன. இவற்றில் பிலிப்ஸும் சோனியும் டிவிடி ஃபோரத்தின் நிறுவன உறுப்பினர்கள். வீட்டுக்குள் இருந்துகொண்டே தனி அடுப்பு வைத்தார்கள். அவர்களுடைய முதல் முயற்சி 3 ஜிபி தகடு. தரநிலை ஆவணமாக அச்சேறியது, கடைக்கு வரவே இல்லை. 4.7 ஜிபிக்கு மாற்றியமைத்த, அழித்தெழுதக்கூடிய பிளஸ் ஆர்டபிள்யூ 2001இலும், ஒருமுறை மட்டும் எழுதும் பிளஸ் ஆர் 2002இலும் வந்தன. ஆர்வத்தோடு முதல் தலைமுறை பிளஸ் டிரைவை வாங்கியவர்கள்தான் பாவம்: அவற்றில் பிளஸ் ஆர்டபிள்யூ மட்டுமே எழுத முடிந்தது, அடுத்த வருடம் வந்த பிளஸ் ஆர் தகட்டில் எழுத முடியவில்லை. புதுத் தரத்தின் முதல் பதிப்பை வாங்குவதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி விஷயத்துக்கு வரலாம்.

வெற்றுத் தகடு என்றாலும் அது வழவழப்பானதல்ல. உள்ளிருந்து வெளியே ஒரே சுருளாக ஓடும் நுண்ணிய பள்ளம் தொழிற்சாலையிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளி. இந்தப் பள்ளம் நேராக ஓடாமல் இடமும் வலமுமாக மெல்ல நெளிந்துகொண்டே போகும். அந்த நெளிவின் தாளத்தை வைத்துத்தான் தகடு எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதை டிரைவ் கணிக்கிறது. இதுவரை இரண்டு தரங்களும் ஒன்றே.

மைனஸ் ஆர் தகட்டில் ஒற்றை வேகத்தில், அதாவது டிவிடியின் அடிப்படை வேகத்தில், சுழலும்போது நெளிவின் அதிர்வெண் 140.6 கிலோஹெர்ட்ஸ். அது வேகத்தை மட்டும் சொல்லும், முகவரியைச் சொல்லாது. முகவரிக்காகப் பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் உள்ள மேட்டில் ஆங்காங்கே சிறு குழிகளை முன்கூட்டியே பதித்து வைத்திருக்கிறார்கள். பிளஸ் ஆரில் மேட்டுக் குழிகளே கிடையாது. அங்கே நெளிவின் அதிர்வெண் 817.4 கிலோஹெர்ட்ஸ், குறிப்பிட்ட இடங்களில் நெளிவின் கட்டம் (ஃபேஸ்) தலைகீழாகத் திரும்பும், அதாவது இடப்புறம் நெளிய வேண்டியது வலப்புறம் நெளியும், அந்தத் திருப்பங்களிலேயே முகவரி பொதிந்திருக்கும். சாலையோரம் நட்டிருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து இடம் தெரிந்துகொள்வது மைனஸ் முறை. சாலையின் நடுக்கோட்டையே எண்ணிக்கொண்டு போவது பிளஸ் முறை.

கணக்கில் சொன்னால், தகட்டில் எழுதப்படும் துணுக்குகளில் (பிட்) 186க்கு ஒரு நெளிவு என்பது மைனஸ். 32க்கு ஒரு நெளிவு என்பது பிளஸ். ஏறத்தாழ ஆறு மடங்கு நுணுக்கமான அளவுகோல். எழுதிக்கொண்டிருக்கும்போது தரவு வரத் தாமதமாகி லேசர் நின்றுவிட்டால், விட்ட இடத்தை மறுபடி பிடித்துத் தொடர வேண்டும். அதற்கு இந்த நுணுக்கம் நேரடியாக உதவுகிறது. எழுதும்போது லேசர் கண்ணைப் பறிக்கும் பிரகாசத்தில் துடிக்கிறது. அதற்கு நடுவே மேட்டிலுள்ள தனித்தனிக் குழிகளை அடையாளம் காண்பதைவிட, தொடர்ந்து ஓடும் நெளிவைப் பின்தொடர்வது எளிது. பொறியியல் வகையில் பிளஸ் நன்றாக யோசித்துச் செய்த வடிவம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இந்த மேன்மையை ஊதிப் பெருக்கக் கூடாது. வேகம் கூடக்கூட மைனஸ் திணறிப்போகும் என்று பிளஸ் ஆதரவாளர்கள் அன்று ஆரூடம் சொன்னார்கள். நடந்தது வேறு. மைனஸ் ஆரும் 16 மடங்கு வேகத்தை எட்டியது. அது சாதாரண வேகமல்ல: வெளி விளிம்பில் எழுதும்போது தகடு நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும், நொடிக்கு 22 மெகாபைட் போல இறங்கும். ஒற்றை வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்த முழுத் தகடு ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். டிரைவ் செய்பவர்கள் மேட்டுக் குழிகளைப் படிக்கும் மின்சுற்றைத் தேற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எழுதி முடித்த பிறகு வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இரண்டிலும் 2,048 பைட் கொண்ட 16 துண்டுகள் சேர்ந்து ஒரு 32 கேபி தொகுதி. இரண்டிலும் அதே ரீட்-சாலமன் பிழைதிருத்தம். தொடர்ந்து வரும் எட்டுத் தொகுதிகளில் முதல்நிலைப் பிழைகள் 280ஐத் தாண்டக் கூடாது என்ற அதே வரம்பு. படிக்கும் லேசருக்கு இரண்டும் ஒரே மொழிதான்.

பிறகு ஏன் சில பழைய பிளேயர்கள் ஒன்றை ஏற்று மற்றொன்றைத் துப்பின? தகட்டின் உட்பகுதியில் ‘நான் இன்ன வகை’ என்று சொல்லும் ஒரு குறி உண்டு. அதற்குப் புக் டைப் என்று பெயர். மைனஸ் ஆர் முன்பே வந்துவிட்டதால் பல பிளேயர்களுக்கு அதன் குறி தெரிந்திருந்தது. பிளஸ் ஆரின் குறியைப் பார்த்ததும் ‘இது யாரென்றே தெரியாது’ என்று கதவைச் சாத்திய பிளேயர்கள் இருந்தன. நம் ஊரில் கல்யாண வீடியோவை டிவிடியில் எழுதிக் கொடுத்தவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல. பெண் வீட்டு பிளேயரில் ஓடி மாப்பிள்ளை வீட்டு பிளேயரில் ஓடாவிட்டால் பேச்சு அவர்களுக்குத்தான். அந்த வேலைக்கு மைனஸ் ஆர் சரியான தேர்வாகவே இருந்தது.

பிளஸ் அணி இதற்குக் கண்ட வழி கொஞ்சம் குறும்பானது. மைனஸ் ஆரில் அந்தக் குறி இருக்கும் பகுதியைத் தொழிற்சாலையிலேயே அடைத்துவிடுகிறார்கள். திரைப்பட டிவிடிகளின் பூட்டுச் சாவிகளை யாரும் அங்கே நகலெடுத்து எழுதிவிடக் கூடாது என்பதுதான் காரணம். பிளஸ் ஆரில் அந்தக் குறியை டிரைவே எழுதுகிறது. எனவே ‘நான் அச்சிடப்பட்ட சாதாரண டிவிடி’ என்று பொய்க்குறி எழுதச் சொல்லி டிரைவுக்குக் கட்டளையிடலாம். பிளேயரும் நம்பிவிடும். இப்படி எழுதிய பிளஸ் ஆர், சில பிளேயர்களில் மைனஸ் ஆரைவிடவும் நன்றாகவே ஓடியது. எல்லா டிரைவும் இதற்கு அனுமதிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

கொள்ளளவில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. பெட்டியில் இரண்டுக்கும் 4.7 ஜிபி என்றே போட்டிருப்பார்கள். மைனஸ் ஆரில் 4,707,319,808 பைட். பிளஸ் ஆரில் 4,700,372,992 பைட். மைனஸுக்கு ஏறக்குறைய 7 மெகாபைட் கூடுதல். மைனஸ் தகட்டை விளிம்புவரை நிரப்பும்படி தயாரித்த கோப்பு பிளஸ் தகட்டில் இடமில்லை என்று கடைசி நேரத்தில் மறுக்கப்படும். இரட்டை அடுக்குத் தகடுகளில் நிலைமை தலைகீழ்: பிளஸ்ஸுக்கு 4 மெகாபைட் போலக் கூடுதல். அந்த இரட்டை அடுக்கிலும் 2004இல் முந்திக்கொண்டு கடைக்கு வந்தது பிளஸ்தான். மைனஸ் பின்னால் வந்தது, அதற்குள் இரட்டை அடுக்கு என்றாலே பிளஸ் என்று ஆகிவிட்டிருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எழுதுபவருக்கு பிளஸ்ஸே வசதி. மைனஸ் ஆரில் ஒவ்வொரு முறை மூடும்போதும் எல்லைப் பகுதிக்கென்று கணிசமான இடம் போய்விடும். முதல் தடவை பல மெகாபைட்டுகள். பிளஸ்ஸில் இந்த இழப்பு குறைவு. அழித்தெழுதும் வகையில், புதிய பிளஸ் ஆர்டபிள்யூ தகட்டைப் போட்ட சற்று நேரத்தில் எழுதத் தொடங்கலாம். தகட்டை எழுதத் தயார்படுத்தும் (ஃபார்மட்) வேலையை டிரைவ் பின்னணியில் தானே செய்துகொள்ளும்.

இந்த இரண்டின் சண்டையில் பலர் மறந்துவிட்ட மூன்றாவது ஒன்று டிவிடி ரேம். இதுவும் டிவிடி ஃபோரத்தின் பிள்ளைதான். பானசோனிக், ஹிட்டாச்சி, தோஷிபா வளர்த்தது. 1998இல் 2.6 ஜிபியாக வந்து பின்னர் 4.7 ஆனது. தகட்டின் பின்புறத்தைச் சாய்த்துப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்கள் மின்னும். அவை ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் வார்க்கப்பட்ட முகவரிகள். வன்தட்டைப் போலவே நினைத்த இடத்தில் எழுதலாம், அழிக்கலாம், கெட்ட இடத்தை டிரைவே ஒதுக்கி வைக்கும். ஆர்டபிள்யூ தகடுகள் சுமார் ஆயிரம் முறை தாங்கும் என்றால் ரேமுக்குச் சொல்லப்பட்டது ஒரு லட்சம் முறை. தரவைக் காப்பதில் மூன்றிலும் இதுவே நேர்மையானது. ஆனால் எழுதியதை உடனே சரிபார்ப்பதால் வேகம் பாதியாகும், விலையும் அதிகம், வீட்டு பிளேயர்கள் பெரும்பாலும் இதை ஏறிட்டும் பார்க்காது. நல்லவனாக இருந்தும் பிழைக்கத் தெரியாத கதைதான்.

பிளஸ், மைனஸ் சண்டையை முடித்து வைத்தது டிரைவ். 2002 கடைசியில் சோனி இரண்டையும் எழுதும் டிஆர்யு-500ஏ டிரைவை வெளியிட்டது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். கணினிக்கும் டிரைவுக்கும் நடுவே ஓடும் எம்எம்சி கட்டளைத் தரம் இதற்கு ஏற்றதாகவே இருந்தது. உள்ளே இருக்கும் தகடு எது என்று கணினி கேட்டால் டிரைவ் பதினாறடிமான முறையில் (ஹெக்ஸ்) ஓர் எண்ணைச் சொல்லும்: மைனஸ் ஆர் என்றால் 11, ரேம் என்றால் 12, பிளஸ் ஆர் என்றால் 1பி. எழுதும் மென்பொருள் அதற்கேற்ப நடந்துகொள்ளும். இந்தத் தரங்களின் முழு ஆவணங்களையும், தரநிலைகளை வெளியிடும் எக்மா அமைப்பு இலவசமாகவே தருகிறது. மைனஸ் ஆருக்கு எக்மா-359, பிளஸ் ஆருக்கு எக்மா-349, ரேமுக்கு எக்மா-330. பொறுமை உள்ளவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

இன்று ஒருவர் பழைய புகைப்படங்களைத் தகட்டில் எழுதி வைக்க விரும்பினால் நான் பிளஸ் ஆரையே சொல்வேன். வீட்டு பிளேயரில் ஓட வேண்டிய காணொளி என்றால் மைனஸ் ஆர். அதைவிட முக்கியம், தகட்டை உண்மையில் யார் செய்தார்கள் என்பது. பெட்டியின் மேல் உள்ள பெயர் ஒன்றாகவும், உள்ளே உள்ள தகட்டின் தயாரிப்பாளர் வேறாகவும் இருப்பது இந்தத் தொழிலில் சகஜம். முகவரியோடு சேர்ந்தே, மைனஸில் மேட்டுக் குழிகளிலும் பிளஸ்ஸில் நெளிவிலும், தயாரிப்புக் குறியீடு பொதிந்திருக்கும். எந்தக் குறியீட்டுக்கு லேசரை எவ்வளவு சக்தியில் துடிக்க வைப்பது என்ற பட்டியல் டிரைவின் உள் மென்பொருளில் இருக்கிறது. பட்டியலில் இல்லாத தகட்டை டிரைவ் குத்துமதிப்பாகவே எழுதும். மலிவான பிளஸ்ஸைவிட நல்ல மைனஸ் எத்தனையோ மேல்.

அடுத்த தலைமுறையான ப்ளூ-ரேயில், 0.32 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஓடும் பள்ளத்தில், முகவரி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் மேட்டுக் குழிகள் இல்லை. நெளிவிலேயே இருக்கிறது.