வீடு விற்கத் துண்டுப்பிரசுரம் இன்னும் உதவுமா? கொழும்பின் இரண்டு வீடுகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஞாயிறு காலையில் பத்திரிகையை விரித்ததும் அதன் மடிப்பிலிருந்து நழுவி மடியில் விழும் தாள்களில் பெரும்பாலானவை ரியூசன் வகுப்புக்கானவை. அவற்றுக்கிடையே எப்போதாவது "வீடு விற்பனைக்கு" என்று ஒரு தாள் வரும். காணி, வீடு, வாகனம் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியிலேயே பார்த்து முடிக்கும் காலத்தில் இதை யார் அச்சடிக்கிறார்கள் என்று நானும் யோசித்ததுண்டு. பிறகு இரண்டு வீடுகளை விற்றுக்கொடுக்கும் பொறுப்பு அடுத்தடுத்து என் தலையில் விழுந்தது. ஒன்று, கனடாவில் வாழும் அண்ணாவின் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடு. அவர் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை வைத்துக்கொண்டு நான் விற்றேன். மற்றது, கொட்டாஞ்சேனையில் சின்னம்மா நாற்பது வருடம் வாழ்ந்த பழைய தனி வீடு. பத்திரிகை வரி விளம்பரம், இணையத்தளம், வட்ஸ்அப், கேற்றில் பலகை, தரகர், துண்டுப்பிரசுரம் என்று பல வழிகளையும் இரண்டு வீட்டுக்குமாக முயன்று பார்த்தேன். ஒன்றுக்குக் கைகொடுத்த வழி மற்றதற்குக் கைகொடுக்கவில்லை.

பத்திரிகையை விரைவில் சொல்லி முடித்துவிடலாம். வார இறுதிப் பத்திரிகைகளின் வரி விளம்பரப் பக்கத்தை இன்றும் பேனையால் வட்டமிட்டு வாசிக்கும் ஓய்வுபெற்றவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். வீடு தேடும் பிள்ளைகளுக்கு அவர்கள்தான் தகவல் சொல்கிறார்கள். ஆனால் சொல்லுக்குச் சொல் காசு என்பதால் "தெளிவான உறுதி, வங்கிக் கடன் பெறலாம், தரகர் வேண்டாம்" என்பதற்கு மேல் எதையும் எழுத முடிவதில்லை. படம் போட்டால் கட்டணம் எகிறுகிறது, அடுத்த வாரம் அந்தப் பத்திரிகை பழையதாகிவிடுகிறது. "தரகர் வேண்டாம்" என்று போட்ட விளம்பரத்துக்கு முதலில் அழைத்தவர்கள் தரகர்களே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இணையத்தளங்களின் பலம் வேறு. இக்மன், லங்கா புரொப்பர்ட்டி வெப் போன்றவற்றில் படம், விலை, சதுர அடி, வரைபடத்தில் இடம் என எல்லாவற்றையும் வைக்கலாம். விலையை இரவு பத்து மணிக்குக் குறைத்தால் பத்து நிமிடத்தில் புதிய விலை தெரியும். அச்சடித்த தாளில் விலையை மாற்ற வழியே இல்லை. ஆனால் இணையத்தில் வீடு தேடுபவர் ஒரு நாளில் எத்தனையோ வீடுகளைத் தட்டிக்கொண்டே போகிறார். வெள்ளவத்தையில் மூன்று அறையும் இரண்டு குளியலறையும் கொண்ட ஒரு வீடு அதே அளவான மற்றொன்றிலிருந்து அவர் கண்ணுக்கு வேறுபடுவதில்லை. இன்னொரு தலையிடியும் உண்டு. அண்ணாவின் வீட்டுப் படங்களை யாரோ எடுத்துத் தங்கள் இலக்கத்துடன் மறுபடி பதிவேற்றினார்கள். ஒரே பல்கனி, ஒரே மணிபிளான்ட் சாடி, மூன்று விளம்பரங்கள், மூன்று விலை. வாங்க வந்தவர் மிகக் குறைந்த விலையைக் காட்டி, "இதில் இப்படிப் போட்டிருக்கிறதே" என்று கேட்டபோது, அந்த விளம்பரம் என்னுடையதல்ல என்று அவரை நம்பவைக்கவே அரை மணித்தியாலம் சென்றது. காகிதத்தை இப்படிக் களவாடி யாரும் மறு அச்சுப் போடுவதில்லை.

இருந்தாலும் அந்தத் தொடர்மாடி வீடு விற்றது இணையத்தாலும் வட்ஸ்அப்பாலும்தான். அதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெளிநாட்டுப் பிரஜைகள் இங்கே காணி வாங்குவதைப் பொதுவாகத் தடுக்கிறது; ஆனால் தொடர்மாடிகளில் நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கும் நிபந்தனையுடன், விலக்களிக்கிறது. கனடியப் பிரஜாவுரிமை எடுத்து, இலங்கைப் பிரஜாவுரிமையைத் திரும்பப் பெறாத ஒரு தமிழருக்கு மூன்றாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் இடையிலான வேறுபாடு படிக்கட்டோடு முடிவதில்லை. அண்ணாவின் வீடு ஐந்தாம் மாடி. வாங்கக்கூடியவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும்போது, ஹம்டன் லேனின் தபால் பெட்டிகளில் ஆயிரம் தாள் போட்டு என்ன பயன்? நான் போட்டேன், வந்த சில அழைப்புகளில் பாதி, வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டவை. கடைசியில் ஊர்ச்சங்க வட்ஸ்அப் குழுவொன்றில் அண்ணி அனுப்பிய படங்களைப் பார்த்து ஒரு குடும்பம் தொடர்புகொண்டது. மாடி எண்ணை முதல் வரியிலேயே எழுதியிருந்தோம். அவர்கள் கேட்ட முதல் கேள்வி உறுதியைப் பற்றியதாக இருந்தது. கூட்டாதனத் திட்டப்படம், அதாவது ஒவ்வொரு வீட்டையும் தனிச் சொத்தாகப் பிரித்துக் காட்டும் வரைபடம், பதிவு செய்யப்படாமலேயே விற்கப்பட்ட தொடர்மாடிகள் பற்றிய கதைகள் புலம்பெயர்ந்தவர்களிடையே நன்றாகப் பரவியிருப்பதால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

கொட்டாஞ்சேனை வீட்டின் கதை இதற்கு நேரெதிர். ஐந்தரை பேர்ச்சஸ் காணி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்ற கணக்கில் ஏறத்தாழ 1,497 சதுர அடி. ஒழுங்கைக்குள் லொறி நுழையாது, கார் நுழைந்தால் திருப்ப முடியாது. இணையத்தில் படம் பார்த்தவர்கள் வந்து, ஒழுங்கையின் வாயிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். படத்தில் அந்த வீடு ஒரு குறைபாட்டுப் பட்டியலாகத்தான் தெரிந்தது. அதே வீடு, அந்த ஒழுங்கையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு வேறு மாதிரித் தெரியும்: பிள்ளை நடந்தே பள்ளிக்கூடம் போகலாம், வெள்ளிக்கிழமை சிவன் கோவிலுக்குப் போகலாம், இரவில் ஒருவருக்கு நெஞ்சு நோவென்றால் நாலு வீட்டுக்காரர் ஓடி வருவார்கள். அரச பாடசாலைகளின் முதலாம் தர அனுமதியில், பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்கள் என்ற பிரிவுக்கு இருக்கும் எடை தெரிந்த பெற்றோர், ஒழுங்கையின் அகலத்தை இரண்டாவதாகத்தான் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் அந்தத் தெருவுக்கு ஏற்கெனவே உறவுக்காரர். அவரிடம் செய்தியைக் கொண்டுபோகக் கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் வீடு தேடவில்லை. ஆகவே எந்தத் தளத்தையும் திறந்து பார்க்கப் போவதில்லை. தேடாதவரின் கையில் போய்ச் சேர்வது துண்டுப்பிரசுரம் ஒன்றுதான். மற்ற எல்லா வழிகளும் தேடுபவருக்கானவை.

இவ்வளவு பெருமை பேசிய தாளை அச்சடித்த கதையையும் சொல்ல வேண்டும். நான் யூனிகோட்டில் தட்டி வட்ஸ்அப்பில் அனுப்பியதை, அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள். அதில் காற்புள்ளியின் இடத்தில் "இ" இருக்கிறது. முதல் மாதிரியில் காற்புள்ளி எல்லாம் "இ" ஆகி, 1,497 சதுர அடி "1இ497 சதுர அடி" என்று வந்தது. இந்த வியாதி இலங்கைத் தமிழ் அச்சில் பழகியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திருத்தச் சொன்னேன். திருத்தியவர் எண்களைக் கையால் மறுபடி தட்டியபோது 5.5 பேர்ச்சஸ் என்பதில் புள்ளி விழாமல் போனது. இரண்டாம் மாதிரியைக் கைத்தொலைபேசித் திரையில், பஸ்ஸில் நின்றுகொண்டு பார்த்துவிட்டு "சரி" என்று நான்தான் பதில் போட்டேன். ஆயிரம் தாளும் அச்சாகி வந்தபோது சின்னம்மாவின் வீடு 55 பேர்ச்சஸ் ஆகியிருந்தது. கொட்டாஞ்சேனையில் 55 பேர்ச்சஸ் என்றால் தொடர்மாடி கட்டுபவர்கள் வரிசையில் நிற்பார்கள். அன்றிரவு சின்னம்மா, அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர், நான் என நால்வர் மேசையைச் சுற்றி இருந்து, கறுப்புப் பேனையால் ஆயிரம் புள்ளி வைத்தோம். பளபளப்புத் தாளில் மை காயாமல் இழுபட்டதால் சிலவற்றில் அது புள்ளியாக இல்லை, கோடாகவே நின்றது. அச்சுக்கு விடும் முன் ஒரு தாளை உண்மையான அளவில் அச்சடித்து, வீட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் சத்தமாக வாசிக்கக் கொடுங்கள். தொலைபேசி இலக்கத்தைப் பார்த்து ஒருமுறை அழைத்தும் விடுங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். ஓப்செற் அச்சில் தகடு போடும் செலவு ஐந்நூறுக்கும் ஐயாயிரத்துக்கும் ஒன்றே. ஆகவே "இன்னும் ஆயிரம் போடுங்கள், பெரிய வித்தியாசம் வராது" என்று அச்சகத்தில் சொல்வது உண்மை. ஆனால் அந்த மேலதிக ஆயிரத்தைப் பகிர ஆள் வேண்டும். 130 கிராம் ஆர்ட் தாளில் ஏ5 அளவு ஒன்று நான்கு கிராம், ஆயிரம் என்றால் நான்கு கிலோ. வெயிலில் அதைச் சுமக்கும் பையன் என்ன செய்வான் என்பதை ஊகிப்பது கடினமல்ல. வெள்ளவத்தையில் நான் கூலி கொடுத்து அனுப்பிய கட்டுகளில் ஒன்று, இறப்பர் நாடாகூடக் கழற்றப்படாமல், ஒரு மதில் ஓரத்தில் கிடந்தது. மேலும் தாள் இங்கே இறக்குமதிப் பொருள். 2022 மார்ச்சில் தாளில்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போனதையும், ரூபா சரிந்ததோடு அச்சு விலைகள் ஏறியதையும் பார்த்தவர்களுக்கு, ஆயிரக்கணக்கில் அடித்து வீசும் மனம் வராது. சிறிய எண்ணிக்கைக்கு டிஜிற்றல் அச்சே போதும். வீட்டு இங்க்ஜெற் பிரிண்டரில் எடுத்த தாளை மட்டும் கேற்றில் செருகாதீர்கள். ஒரு மழைக்கு இலக்கம் முழுவதும் நீலக் கறையாகிவிடும்.

பகிரும் முறைகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. பத்திரிகைக்குள் வைத்து அனுப்பினால் வீட்டுக்குள் போகும் என்பது உறுதி, ஆனால் ரியூசன் தாள்களோடு சேர்ந்து குப்பைக் கூடைக்கும் போகும். தொடர்மாடிகளில் கீழே இருக்கும் காவலாளியே வாசல். அவர் மனம் வைத்தால் ஒவ்வொரு பெட்டியிலும் போடுவார், இல்லாவிட்டால் மேசைக்கடியில் போகும். அவரிடம் இரண்டு நிமிடம் பேசினால், மூன்றாம் மாடிக்காரரின் மகள் கலியாணம் முடித்து வீடு தேடுகிறாள் என்பது போன்ற, எந்தத் தளத்திலும் கிடைக்காத தகவல் வரும். கொட்டாஞ்சேனையில் நான் யாரையும் அனுப்பவில்லை. சின்னம்மாவே மாலையில் கைப்பையில் இருபது தாளோடு புறப்பட்டு, தெரிந்த வீடுகளில் ஒரு தேத்தண்ணீர் குடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். ஆயிரத்தில் இருநூறுகூட முடியவில்லை. ஆடி பிறப்பதற்கு முன் கொடுத்து முடித்துவிட வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஆடியில் வீடு பேச எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு, அது பிழையுமல்ல.

கேற்றுப் பலகைக்குச் செலவு மிகக் குறைவு, ஆனால் அது காலி வீதி போன்ற ஓட்டமுள்ள வீதியில்தான் பேசும். ஒழுங்கைக்குள் வைத்தால் தபால்காரர் பார்ப்பார். தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டில் பலகை வைப்பதை நான் விரும்பவில்லை, முன்னறிவிப்பில்லாமல் யாரும் மணியடிப்பார்கள். தரகர் விடயத்தில் எனக்கு முழு வெறுப்பு இல்லை. விற்பனை விலையில் 3 வீதம் என்பது பெருந்தொகை. ஆனால் நேரம் இல்லாதவருக்கும், விலை பேசக் கூச்சப்படுபவருக்கும் நல்ல தரகர் அந்தக் காசுக்கு உழைக்கிறார். உறுதி சிக்கலான வீடுகளில் பொறுமையாக நொத்தாரிசிடமும் காணிப் பதிவகத்துக்கும் அலைபவரும் அவரே. ஒரே வீட்டை ஐந்து தரகரிடம் கொடுப்பதுதான் தவறு. அப்போது வீடு அவசரத்தில் விற்கப்படுகிறது என்ற பேச்சு விலைக்கு முன்பே ஊரைச் சுற்றிவிடும்.

துண்டுப்பிரசுரத்தில் விலை போடலாமா என்ற கேள்விக்கு இருபக்கமும் நியாயம் இருக்கிறது. நான் கொட்டாஞ்சேனைத் தாளில் போடவில்லை. அயலவர் கையில் போகும் தாளில் விலை இருந்தால், வாங்குபவரை விடத் தெருவே அதிகம் விவாதிக்கும். ஆனால் இணையத்தில் விலை இல்லாத விளம்பரத்தை யாரும் தொடுவதில்லை, அங்கே போட்டேன். மொழியிலும் அப்படியே: இணையத்துக்கு ஆங்கிலம் போதுமானதாக இருந்தது, தாளில் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் சிங்களமும் வைத்தேன். மூன்று வீடு தள்ளியிருந்த சிங்கள அம்மா தன் மருமகனுக்காகப் பத்து நாள் அந்த வீட்டைப் பற்றித் தீவிரமாக விசாரித்தார்.

வீடு பார்க்க வந்தவர் கையில் கொடுத்துவிடும் தாளோடு போட்டியிட மட்டும் எந்த வழியாலும் முடியவில்லை. அதைத் தனியாக, ஏ4 அளவில், ஐம்பது பிரதி மட்டும் எடுத்தேன்: அறைகளின் அளவோடு தரைப்படம், உறுதி எந்த வகை, மாநகர சபை வரி எவ்வளவு, சி.ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா, தண்ணீர் எத்தனை மணிக்கு நன்றாக வரும், ஓரத்தில் எழுத வெற்றிடம். ஒரே நாளில் நாலு வீடு பார்ப்பவருக்கு மாலையில் எந்த வீட்டில் எந்த அறை இருந்தது என்று குழம்பிவிடும். தாள் கொடுத்த வீடு மட்டும் மேசையில் கிடக்கும். சின்னம்மாவின் வீட்டை வாங்கியது, எதிர்வீட்டு அக்கா சொல்லி வத்தளையிலிருந்து வந்த அவருடைய தம்பி குடும்பம். புதுக்கடையில் நொத்தாரிசின் அறையில் கையெழுத்து முடிந்ததும், தம்பியின் மனைவி கைப்பையிலிருந்து எட்டாக மடித்த அந்தத் தாளை எடுத்தார். ஓரம் முழுவதும் பென்சில் எழுத்து. பல கேள்விகள் வெட்டப்பட்டிருந்தன. வெட்டாத ஒன்றின்மேல் விரலை வைத்து, "அன்ரி, குசினி ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கறிவேப்பிலை மரம், அது எங்கட பக்கமா, அவையின்ர பக்கமா?" என்று கேட்டார்.