2ஆம் தேதி ஆட்டோ பே: என் கார்டைப் பற்றி ஒரு கோட்டையூர்க்காரியின் மதிப்பீடு

மூன்று வருடமாக ஒரு தனியார் வங்கியின் கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன். கோட்டையூரில் வீட்டிலேயே தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை செய்து வெளியூர்களுக்கு அனுப்புவது என் தொழில். மாதம் பிறந்த முதல் பத்து நாளுக்குள் காரைக்குடிக்குப் போய் உளுந்து, எண்ணெய், நெய், டப்பா எல்லாம் கார்டில் எடுத்துவிடுவேன். லிமிட் 80,000 ரூபாய். பில் 12ஆம் தேதி வரும், கடைசி நாள் அடுத்த மாதம் 2.

பில் தொகையை வங்கியே என் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆட்டோ பே ஒருமுறைகூடத் தவறியதில்லை. 2ஆம் தேதி விடியற்காலை அடுப்பு மூட்டும் முன்பே பணம் எடுத்த எஸ்எம்எஸ் வந்து கிடக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். பதியும்போது என் ஆப்பில் 'மினிமம் டியூ' (குறைந்தபட்சம் கட்ட வேண்டியது) என்பதுதான் முதலிலேயே டிக் ஆகியிருந்தது. அதை 'டோட்டல் டியூ' (முழு பாக்கி) என்று மாற்றாமல் விட்டால் மீதிக்கு வட்டி ஓடும். என் கார்டில் அது மாதம் 3.5 சதவீதம்.

சிக்கல் தெரிந்தது போன தீபாவளி சமயத்தில். மாவு பிசையும் மெஷினுக்காக வேறொரு வங்கியில் 3 லட்சம் கடன் கேட்டுப் போனேன். அங்கிருந்த அதிகாரி, என் கடன் கணக்குகளின் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். "ஆச்சி, ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. ஆனா லிமிட்டையே முழுங்கிட்டு இருக்கீங்களே?" கார்டுக்கு நேரே கட்ட வேண்டிய பாக்கி 66,100 ரூபாய், தெரிவித்த தேதி செப்டம்பர் 30. கடன் தகுதிக்கான மதிப்பெண், அதாவது ஸ்கோர், 719.

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அந்தப் பணம் முழுக்க என் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்ததுதானே! முன்பணம் வாங்கித்தான் நான் ஆர்டரே எடுப்பேன்.

வீட்டுக்கு வந்து காலண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது நம் கணக்கு நிலவரத்தைச் சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது, 15ஆம் தேதி ஒன்று, மாதக் கடைசி ஒன்று. என் பில் வருவது 12, பணம் போவது 2. இடையில் வரும் 15ஆம் தேதியும் மாதக் கடைசியும் முழுக் கடனும் அப்படியே நிற்கிறது! பாக்கி லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் இருப்பது ஸ்கோருக்கு நல்லது என்பார்கள், நான் 80ஐத் தாண்டி நின்றேன்.

சரி, மாதக் கடைசிக்கு முன்பே கட்டிவிடலாம் என்று அக்டோபர் 30 அன்று பில் தொகை முழுவதையும் கட்டினேன். 2ஆம் தேதி ஆட்டோ பே அதே தொகையை மறுபடி எடுத்துக்கொண்டது! போன் செய்தால், எடுக்கச் சொல்லும் உத்தரவு ஏற்கெனவே போய்விட்டதாம். கூடுதல் பணம் திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் எண்ணெய்க் கடைக்காரரிடம் கடன் சொல்லி வாங்க வேண்டியதாயிற்று. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. முன்கூட்டிக் கட்டினால் இப்படி ஆகும் என்று ஆப்பில் ஒரு வரி எழுதி வைத்தால் என்ன?

அப்புறம்தான் சரியான நாள் பிடிபட்டது. கட்ட வேண்டியது பில் வருவதற்கு முன்பு. இப்போது ஒவ்வொரு 9ஆம் தேதியும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து 45,000 கார்டுக்குப் போகும்படி நிரந்தர உத்தரவு போட்டிருக்கிறேன். பணம் கார்டில் ஏற ஓரிரு நாள் பிடித்தாலும் 12க்குள் சேர்ந்துவிடும். பில்லே பன்னிரண்டு, பதின்மூன்றாயிரத்துக்குத்தான் வருகிறது. அதை வழக்கம்போல் 2ஆம் தேதி ஆட்டோ பே எடுத்துக்கொள்ளும், இரட்டிப்பாக எடுக்க இடமே இல்லை. புதிதாக வாங்கியது சேர்ந்தாலும் மாதக் கடைசியில் கார்டு பாக்கி இருபதாயிரத்தை ஒட்டியே நிற்கிறது.

மார்ச்சில் பார்த்தபோது ஸ்கோர் 771. நடுவில் வேறு எதையும் நான் மாற்றவில்லை. மெஷின் இப்போது பின்கட்டில் ஓடுகிறது. முழு அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக வாங்கலாம், கடன் கேட்கப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே வாங்கிப் பாருங்கள்.

பில் தேதியை மாற்றிக்கொள்ளவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் இந்த வங்கியின் ஆப்பில் அதற்கு வழியே இல்லை, இரண்டு முறை போனில் கேட்டும் பதில் வரவில்லை.

நாள் தவறாமல் எடுப்பதற்கு ஐந்துக்கு ஐந்து. தகவல் சொல்வதற்கு ஒன்று. மொத்தத்தில் மூன்று கொடுக்கிறேன்.