கோயில் குருக்களும் வீட்டு வாத்தியாரும்

கோயில் குருக்கள், வீட்டுச் சடங்கு செய்து வைக்கும் வாத்தியார் (புரோகிதர்) இரண்டு பேரும் பிராமணர்தான், ஆனால் வேலை வேறு. சிவன் கோயில் குருக்கள் ஆதிசைவர், அதாவது பரம்பரையாகச் சிவன் கோயில் பூசை செய்யும் பிரிவினர். கோயில் வழிபாட்டு விதிநூலான ஆகமப்படி தீட்சை பெற்று, லிங்கத்தைத் தொட்டு அபிஷேகம் செய்பவர். வாத்தியார் ஆபஸ்தம்பர், போதாயனர் போன்ற முனிவர்கள் வகுத்த கிருஹ்ய சூத்திரப்படி (வீட்டுச் சடங்கு விதிநூல்) கல்யாணம், திவசம் நடத்தி வைப்பவர். வேதம் முழுக்க மனப்பாடமாக இருந்தாலும், ஆகம மரபில் அவர் லிங்கத்தைத் தொட முடியாது. பிராமணர் என்றாலே கோயில் பூசை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

குருக்களுக்குத் தட்டுக்காசு, வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கோடு தட்சிணை. அமாவாசையன்று வாத்தியாரைப் பிடிப்பது கஷ்டம். தர்ப்பணத்துக்கு வீடு வீடாக ஓடிக்கொண்டிருப்பார்.

அரசு கை வைத்தது குருக்கள் பக்கம்தான். அர்ச்சகர் வேலையில் வாரிசு உரிமையை நீக்கிய தமிழகச் சட்டத்தை 1972-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2021-இல் பயிற்சி பெற்ற பிற சாதியினரும் அர்ச்சகராக நியமிக்கப்பட்டார்கள். வாத்தியாராக யாரை அழைப்பது என்பது இன்றும் அந்தந்தக் குடும்பத்தின் விருப்பம்.