ஒரே கம்ப்யூட்டர், மூன்று கேபினெட், ஆறு கோடை

வேலூரில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். வைகாசியில் முகூர்த்தம் அதிகம், கத்திரி வெயிலும் அப்போதுதான். ஏசி இல்லாத என் அறையில் மதியம் 35, 36 டிகிரி சர்வசாதாரணம். அந்தச் சூட்டில் என் கம்ப்யூட்டர் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும், அதில் பாதி நேரம் ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை. மிஷின் வேகம் குறைந்தால் டெலிவரி தள்ளிப்போகும். அதனால்தான் கம்ப்யூட்டரின் பாகங்களை வைக்கும் பெட்டி, அதாவது கேபினெட், இரும்பா அலுமினியமா, எதில் சூடு குறையும் என்பதை இத்தனை வருஷம் விடாமல் அளந்து பார்த்திருக்கிறேன்.

2019 கடைசியில் அசெம்பிள் செய்தது. ரைசன் 5 3600 ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, ப்ராசஸர் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும், 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த ஒரு டவர் கூலர். இவை எதுவும் இன்றுவரை மாறவில்லை. மாறியது பெட்டி மட்டும்தான். முதலில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் மூடிய இரும்பு கேபினெட். 2022 மே மாதத்திலிருந்து அலுமினியம். 2024 மே மாதத்திலிருந்து முன்பக்கம் வலை போட்ட இரும்பு.

முதல் இரண்டு கோடையைக் கொரோனா ஊரடங்கு விழுங்கிவிட்டது, கல்யாணங்களும் குறைவு, மிஷினுக்கும் வேலை குறைவு. 2022இல் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தபோதுதான் பிரச்சினை தெரிந்தது. ரெண்டர் போட்ட அரை மணியில் ப்ராசஸர் 88 டிகிரியைத் தொட்டது. இந்த ப்ராசஸருக்கு 95தான் எல்லை. அங்கே போனால் அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அசெம்பிள் செய்து கொடுத்த தம்பியிடம் கேட்டேன். "அண்ணே, இரும்பு சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். அலுமினியம் போட்டீங்கன்னா பாடியே ஹீட்சிங்க் மாதிரி வேலை செய்யும்" என்றார். ஹீட்சிங்க் என்றால் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு. நியாயமாகத்தான் பட்டது. அலுமினியம் இரும்பைவிடச் சுமார் மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். கூலரின் தகடுகளும் அலுமினியம்தானே. செகண்ட் ஹேண்டில் நல்ல அலுமினிய கேபினெட் ஒன்று கிடைத்தது, வாங்கிவிட்டேன்.

மாற்றுவதற்கு முன்பு ஒரு வேலை செய்தேன். மீன் தொட்டிக்கு வைக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றின் ஒயர் முனையை கேபினெட்டுக்குள் பின் ஃபேன் அருகிலும், இன்னொன்றை மேஜை மேலும் ஒட்டினேன். ஒரே கல்யாணத்தின் ஒரே டைம்லைனை (எடிட் செய்து அடுக்கிய வீடியோவை) 40 நிமிடம் ரெண்டர் விட்டேன். மறுநாள் அதே நேரத்தில் புதுப் பெட்டியில் அதையே ஓட்டினேன். கூலரைக் கழற்றாமல் மதர்போர்டோடு சேர்த்தே தூக்கி மாற்றினேன். கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டால் எது எதனால் குறைந்தது என்று தெரியாமல் போய்விடும்.

இரும்பில் ப்ராசஸர் 88, உள்காற்று 49. அலுமினியத்தில் ப்ராசஸர் 87, உள்காற்று 48. அறை இரண்டு நாளும் 35.

ஒரு டிகிரி. மனசு கேட்கவில்லை. அலுமினியப் பெட்டியின் முன்பக்கமும் கதவு போல மூடியிருந்தது, அதை மட்டும் கழற்றி வைத்து மறுபடி ஓட்டினேன். ப்ராசஸர் 79க்கு இறங்கியது. உடனே பழைய இரும்பு கேபினெட்டுக்கே எல்லாவற்றையும் திருப்பி மாற்றி, அதன் கண்ணாடியையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அதுவும் 79. அன்று இரவு பதினொரு மணி ஆகிவிட்டது, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது.

வெந்நீர் வைக்கும்போது பாத்திரம் எந்த உலோகம் என்பது முக்கியம், ஏனென்றால் அது தீயின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கேபினெட்டின் தகடு ப்ராசஸரைத் தொடுவதே இல்லை. நடுவில் காற்று இருக்கிறது, காற்றோ சூட்டைக் கடத்துவதில் படு மந்தம். உள்ளே ஒரு காற்றுப் படலம், வெளியே ஒரு காற்றுப் படலம், இரண்டையும் தாண்டித்தான் சூடு தகட்டின் வழியே போக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த இரண்டு படலங்களும் கொடுக்கும் தடையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இரும்புத் தகடு கொடுப்பதில்லை. 4 மில்லிமீட்டர் கண்ணாடியே ஆனாலும் நூற்றில் இரண்டு பங்குதான் வரும். இன்னொன்று, 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடும் 0.7 மில்லிமீட்டர் இரும்புத் தகடும் கடத்துவதில் ஏறக்குறைய சமம். எடையும் சமம். மெல்லிய இரும்பு, தடித்த அலுமினியத்துக்கு இளைத்ததில்லை.

நம்பாதவர்களுக்காக இன்னொன்றும் செய்தேன். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, டிவி வந்த பெட்டியின் அட்டையை அதே அளவுக்கு வெட்டி டேப் போட்டு ஒட்டினேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து 40 நிமிடம் ஓட்டினேன். வித்தியாசம் ஒரு டிகிரிக்கு உள்ளேதான். (இதை யாரும் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள், தீப்பிடிக்கிற பொருள்.)

ஆக, சூட்டை வெளியே தூக்கிப் போவது காற்றுதான். என் மிஷின் முழு வேலையில் உள்ளே கக்கும் சூடு சுமார் 250 வாட். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறதே, நொடிக்கு அந்த ஒரு கேன் அளவு காற்று கேபினெட் வழியே போனால், வெளியேறும் காற்று அறையைவிடச் சுமார் 11 டிகிரி கூடுதலாக இருக்கும். அதில் பாதிதான் போகிறது என்றால் 22 டிகிரி. கண்ணாடி மூடிய முன்பக்கத்தில் காற்று நுழைய ஓரத்தில் ஒரு விரல்கூடப் போகாத இடுக்குதான் இருந்தது. பின்னால் எத்தனை ஃபேன் போட்டாலும் அந்த இடுக்குதான் அளவு.

அதனால் 2024இல் வலை போட்ட இரும்பு கேபினெட்டுக்கு மாறினேன், அலுமினியத்தைவிட மலிவாகவே முடிந்தது. முன்னால் இரண்டு ஃபேன் இழுக்கிறது, பின்னால் ஒன்று தள்ளுகிறது. 35 டிகிரி அறையில் அதே டைம்லைன், ப்ராசஸர் 78. இரண்டு கோடை தாண்டியும் அந்த எண் அப்படியே நிற்கிறது, தூசியை அவ்வப்போது துடைத்துக்கொண்டிருந்தால். வலை என்றால் தூசி வரும், அதை மறைக்க விரும்பவில்லை. என் அறை ரோட்டைப் பார்த்தது. மூன்று வாரம் விட்டால் ஃபில்டரில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளியே படிந்துவிடும், 4, 5 டிகிரி ஏறிவிடும். கழற்றிக் குழாயடியில் காட்டி, நிழலில் காயவைத்து மாட்டினால் சரியாகிவிடும்.

கம்ப்யூட்டர் மேஜையில் சிபியூ வைக்கவென்று ஒரு மர அறை இருக்குமே, பின்பக்கம் பலகை அடித்தது, அதற்குள் வைத்திருப்பவர்கள் முதலில் வெளியே எடுத்து வையுங்கள். எனக்கு அதுவே 6 டிகிரி குறைத்தது, செலவே இல்லாமல்.

அலுமினியத்தால் பலனே இல்லையா என்றால், தொடுகிற இடத்தில் உண்டு. அந்த கேபினெட்டில் ஹார்டு டிஸ்க்கை அலுமினியக் கூட்டிலேயே ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தேன். 46இல் இருந்தது 43 ஆனது. வீட்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தவரை வேலை கொடுத்தால் 80ஐத் தொட்டு வேகம் குறையும். அலுமினியப் பெட்டி வாங்கினேன், அதன் மூடியிலிருந்து ஒரு தூண் இறங்கி தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை) வழியாகச் சிப்பின் மேலேயே உட்காரும். ஃபேன் கிடையாது. இப்போது 60ஐத் தாண்டுவதில்லை, பெட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ஃபேன் இல்லாமல், ஹீட் பைப்பை (சூட்டைக் கடத்தும் குழாயை) நேராகப் பெட்டியின் பக்கச் சுவரில் இணைத்துச் செய்யும் பெரிய கேபினெட்டுகளும் இதே கணக்குதான். அங்கே இரும்பு சரிப்பட்டு வராது.

நாகப்பட்டினத்தில் இருக்கும் அக்கா வீட்டில் கடல் கூப்பிடு தூரம். அவர்களுடைய இரும்பு கேபினெட்டில் பெயின்ட் படாத வெட்டு விளிம்பெல்லாம் இரண்டே வருஷத்தில் துருப்பிடித்து, ஸ்க்ரூ திருகவே வராது. என் அலுமினிய கேபினெட்டை அங்கே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். "மாமா, இது கூலா இருக்குமா?" என்று அக்கா பையன் கேட்டான். துருப்பிடிக்காது, முன் கதவை மட்டும் கழற்றியே வை என்று சொல்லிவிட்டு வந்தேன். கதவு இப்போதும் அவர்கள் பரண் மேல்தான் இருக்கிறது.